மேலே போன திட்டத்துக்குப் பதில் எங்கே?

நாமக்கல் மாவட்டம், புதுச்சத்திரம் ஒன்றியத்துத் தொடக்கப் பள்ளிகளில் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் எப்படி உருவாகிறது என்று கேட்டுப் பாருங்கள். ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகலில் பள்ளி மேலாண்மைக் குழு கூடும். வேலையை விட்டு வர முடிந்தவர்கள் வருவார்கள். தலைமையாசிரியர் கைப்பேசியில் செயலியைத் திறந்து கழிவறை, குடிநீர், சுற்றுச்சுவர், வகுப்பறை என்று ஒவ்வொன்றாகப் படித்து, தேவை, தேவையில்லை என்று குறித்துக்கொள்வார். தீர்மானப் பதிவேடு கைமாறும், கையெழுத்து விழும், திட்டம் மேலே போய்விடும். "போன வருஷம் மோட்டார் கேட்டு எழுதினமே, அது என்னங்க ஆச்சு?" என்று ஓர் அம்மா கேட்டால், "மேலே அனுப்பியிருக்குதுங்க" என்பதற்கு மேல் சொல்ல அந்தத் தலைமையாசிரியரிடமும் எதுவும் இருக்காது.

நம் புகார் இந்த மௌனத்தின் மீதுதான். திட்டம் எழுதச் சொல்வதில் அரசு ஒரு குறையும் வைக்கவில்லை. எழுதி அனுப்பியதற்குப் பதில் சொல்வதில்தான் வைக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை ஒருமுறை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவை உருவாக்குகிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். 22-ஆவது பிரிவு, பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தை அந்தக் குழு தயாரிக்க வேண்டும் என்கிறது. அடுத்த உட்பிரிவைத்தான் பலரும் படிப்பதில்லை. அரசும் உள்ளாட்சி அமைப்பும் போடும் திட்டங்களுக்கும் கொடுக்கும் மானியங்களுக்கும் இந்தத் திட்டமே அடிப்படையாக இருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. மத்திய அரசு 2010-இல் வகுத்த விதிகள் இன்னும் விளக்கமானவை. மூன்றாண்டுத் திட்டம், அதற்குள் ஆண்டுக்கு ஒன்றாக மூன்று உட்திட்டங்கள். வகுப்புவாரியாக எத்தனை பிள்ளைகள் சேருவார்கள், எத்தனை ஆசிரியர்கள் கூடுதலாக வேண்டும், என்ன கட்டட வசதி வேண்டும், அதற்கு எவ்வளவு பணம் ஆகும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். குழுத் தலைவரும் அழைப்பாளரும் கையெழுத்திட்டு, நிதியாண்டு முடிவதற்குள் உள்ளாட்சியிடம் கொடுக்க வேண்டும்.

ஆக, இது மனு இல்லை. குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் வரிசையில் நின்று கொடுக்கும் காகிதத்துக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. மனுவை வாங்கி வைத்துக்கொள்ளலாம். மானியத்துக்கு அடிப்படை என்று சட்டமே சொல்லும் ஆவணத்தை அப்படி வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

தமிழ்நாடு இந்தக் குழுக்களை உயிர்ப்பிக்க உண்மையாகவே முயன்றிருக்கிறது. 2022-இல் 37,000-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் பெற்றோரைக் கூட்டிக் குழுக்களை மறுகட்டமைப்பு செய்தார்கள். குழுவுக்கு 20 பேர், தாய்மார்கள் தலைவிகளானார்கள். 2024-இல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேராக்கினார்கள். எந்தக் கட்சியின் சின்னமும் இல்லாமல் ஊரார் தேர்ந்தெடுக்கும் அமைப்பு இது. ஆனால், கூட்டத்தைக் கூட்டிவிட்டு, அது சொன்னதற்குக் காது கொடுக்காவிட்டால் மூன்றாவது கூட்டத்துக்கு யார் வருவார்கள்? கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கும் பெண்ணுக்கும், நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்ணுக்கும் ஒரு வெள்ளிக்கிழமைப் பிற்பகல் என்பது கூலி.

சரி, திட்டத்தில் என்னதான் எழுதுகிறோம் என்ற கேள்விக்கு வருவோம். சுற்றுச்சுவர் வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சேலம் - நாமக்கல் நெடுஞ்சாலை போகும் ஒன்றியம் இது. சாலையோரப் பள்ளிக்குச் சுவர் என்பது உயிர் சம்பந்தப்பட்டது. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிவறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதன் பிறகும் கட்டடத்தைப் பற்றி அலட்சியமாகப் பேசுவது பாவம். ஆனால் கட்டடத்தோடு திட்டம் முடிந்துவிடுவதுதான் வேதனை. நான்காம் வகுப்புக்குப் போகும் பிள்ளைகளில் எத்தனை பேரால் ஒரு பத்தியைத் தட்டுத்தடுமாறாமல் படிக்க முடிகிறது என்ற வரி அதில் எங்கே?

ஆசிரியருக்கு இது தெரியாமல் இல்லை. 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒவ்வொரு குழந்தையும் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கப்பட்டு, அதற்கேற்ற பயிற்சி நூலோடு உட்காருகிறது. யார் ஒற்றைக் கொம்பையும் இரட்டைக் கொம்பையும் மாற்றிப் போட்டுக் 'கெ'யைக் 'கே' என்று படிக்கிறாள், யார் கடன் வாங்கிக் கழிக்கும் இடத்தில் நின்றுவிடுகிறான் என்பதெல்லாம் டீச்சருக்கு விரல் நுனியில். அந்த விவரம் செயலி வழியாகச் சென்னைக்குப் போகிறது. பள்ளியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் குழுத் தலைவியின் வீட்டுக்குத்தான் போவதில்லை.

மெத்தனமாக இருந்துவிடும் நிலைமையும் இல்லை. நாட்டின் கிராமப்புறங்களில் வீடு வீடாகப் போய் எடுக்கப்படும் அசர் ஆய்வில், இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கத் தெரிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தமிழ்நாட்டில் 2018-இல் 10.2 சதவீதம். கொரோனாவுக்குப் பிறகு 2022-இல் 4.8 சதவீதம். அதன் பிறகு முன்னேற்றம் உண்டு. ஆய்வு முறையில் அரசுக்குக் கருத்து வேறுபாடும் உண்டு. தானே மாநில அளவில் அடைவுத் தேர்வும் நடத்தியிருக்கிறது. எந்தக் கணக்கை நம்பினாலும் மாநில சராசரியை வைத்துக்கொண்டு ஓர் ஊர்ப் பள்ளியில் ஒன்றும் செய்ய முடியாது. அந்தப் பள்ளியின் கணக்கு அந்தப் பள்ளியின் திட்டத்தில் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஓர் ஈராசிரியர் பள்ளியை எடுத்துக்கொள்வோம். 42 பிள்ளைகள், ஐந்து வகுப்புகள், தலைமையாசிரியரையும் சேர்த்து இரண்டு பேர். 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 90 வரை மூவர், 120 வரை நால்வர் என்பது சட்டத்தின் அட்டவணை. ஆகவே இந்தப் பள்ளியில் விதிப்படி எல்லாம் சரி. ஒருவர் வட்டார வளமையத்தில் பயிற்சிக்குப் போனாலும், வாக்காளர் பட்டியல் வேலைக்குப் போனாலும், காய்ச்சலில் படுத்தாலும் ஐந்து வகுப்பும் மீதி ஒருவர் தலையில். ஆண்டுக்கு இப்படி எத்தனை நாள்? ஓராசிரியர் நாட்கள் இத்தனை என்று வருகைப் பதிவேட்டைப் பார்த்து ஒரே வரி எழுதினால் போதும். பத்துப் பக்கத் திட்டம் சொல்லாததை அந்த வரி சொல்லிவிடும். மாற்று ஆசிரியர் வேண்டும் என்ற கோரிக்கைக்கு அதைவிட வலுவான ஆதாரம் வேண்டியதில்லை.

இந்தப் பகுதிக்கே உரிய இன்னொரு சங்கதி உண்டு. நாமக்கல் வட்டாரக் கோழிப்பண்ணைகளிலும் செங்கல் சூளைகளிலும் ஒடிசா, ஜார்க்கண்ட், பீகாரிலிருந்து குடும்பத்தோடு வந்து வேலை செய்கிறார்கள். பண்ணைக்குள்ளேயே குடியிருப்பு. அவர்களின் பிள்ளைகள் ஜூன் மாதம் சேர்ந்து ஏப்ரலில் முடிப்பவர்கள் இல்லை. ஆண்டின் நடுவில் வருவார்கள், நடுவில் போவார்கள். தமிழ் எழுத்தையே முதன்முதலாகப் பார்க்கும் பையன் வயதுக்கேற்ப மூன்றாம் வகுப்பில் உட்காருகிறான். வகுப்புவாரிச் சேர்க்கை மதிப்பீடு என்று விதி கேட்பது இவனையும் சேர்த்துத்தான். பண்ணைகளுக்குப் போய்ப் பள்ளி வயதுப் பிள்ளைகளை எண்ணி வர, குழுவில் இருக்கும் முன்னாள் மாணவர்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்? ஊர்ப் பண்ணைகளில் யார் எப்போது வந்தார்கள் என்பது இளவட்டங்களுக்கு அத்துப்படி.

படிப்பை அளக்கச் சொன்னதும் இன்னொரு பயம் வரும், அது நியாயமான பயம். அளப்பது எப்படித் தறிகெட்டுப் போகும் என்பதை நாமக்கல் மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பிராய்லர் பள்ளி என்ற பெயரே நம் ஊரை வைத்துப் பிறந்த கேலிதானே. மாநிலம் முழுவதிலிருந்தும் பிள்ளைகளை விடுதியில் அடைத்து, பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்பையே உருவேற்றி, மாநில முதலிடங்களை வாங்கிச் சாலையோரம் பதாகை கட்டினார்கள். 2017-இல் அரசு தரவரிசை வெளியிடுவதை நிறுத்த வேண்டி வந்தது.

அமெரிக்காவில் இதையே சட்டமாகப் போட்டுப் பார்த்தார்கள். 2002-இல் கையெழுத்தான 'ஒரு குழந்தையும் பின்தங்கக் கூடாது' என்ற சட்டம், ஒவ்வொரு பள்ளியும் ஆண்டுதோறும் போதிய முன்னேற்றம் காட்ட வேண்டும் என்றது. 2014-க்குள் நூற்றுக்கு நூறு பிள்ளைகளும் தேர்ச்சி. தொடர்ந்து இரண்டு ஆண்டு இலக்கைத் தவறவிட்ட பள்ளி மேம்பாட்டுத் திட்டம் எழுத வேண்டும், மேலும் தவறினால் தண்டனை. விளைவு? அட்லாண்டா நகரில் ஆசிரியர்களே விடைத்தாளை அழித்துத் திருத்தினார்கள். 2011-இல் வந்த விசாரணை அறிக்கை, ஆராய்ந்த 56 பள்ளிகளில் 44-இல் முறைகேடு நடந்ததாகச் சொன்னது. 2015-இல் பதினொரு பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. அதே ஆண்டு டிசம்பரில் அந்தச் சட்டமும் வழக்கொழிந்தது.

ஆகவே, பள்ளிக்குப் பள்ளி ஒப்பிட்டு வரிசை போடும் வேலை வேண்டாம். ஜூனில் அரும்பில் இருந்த பத்துப் பேரில் மார்ச்சில் எத்தனை பேர் மொட்டுக்கு வந்தார்கள், வராதவர்களுக்கு எது தடையாக இருந்தது என்று அந்தப் பள்ளியை அதே பள்ளியோடு ஒப்பிட்டால் போதும். பிள்ளைகளின் பெயரைச் சபையில் படிக்கக் கூடாது. எண்ணிக்கை குறைந்ததற்காக ஆசிரியருக்கு விளக்கக் கடிதம் அனுப்பக் கூடாது. அனுப்பினால் அடுத்த ஆண்டு எல்லாப் பிள்ளையும் காகிதத்தில் மலர்ந்துவிடும்!

'படிக்காத பெற்றோருக்குத் திட்டம் போடுவதில் என்ன தெரியும்' என்ற முணுமுணுப்பு அலுவலகங்களில் கேட்பதுதான். 1950-களின் பிற்பகுதியில், காமராஜர் ஆட்சியில், பொதுக் கல்வி இயக்குநராக இருந்த நெ.து.சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தியபோது ஊர் மக்களைத்தான் நம்பினார். தங்கள் பள்ளிக்கு என்ன வேண்டும் என்று ஊரே பட்டியல் போட்டது. நிலம், கட்டடம், பெஞ்சு, சீருடை, மதிய உணவுக்குத் தானியம் என்று முடிந்ததைக் கொடுத்தது. அன்று அந்தக் கிராமங்களில் கையெழுத்துப் போடத் தெரிந்தவர்களே குறைவு. இன்றைக்கு ஒன்றியத்தின் எந்தக் குழுவை எடுத்தாலும் கைப்பேசியில் கணக்குப் பார்க்கத் தெரிந்த தாய்மார்கள் இருக்கிறார்கள்.

பணம் இல்லை என்பது அடுத்த பதில். அது பாதி உண்மை. 31 முதல் 100 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின்படி ஆண்டு மானியம் 25,000 ரூபாய். மாதத்துக்கு இரண்டாயிரத்துச் சொச்சம். தூய்மைப் பணி, சின்னச் சின்னப் பழுது, சுண்ணக்கட்டி, பதிவேடு எல்லாம் அதற்குள். தேசிய கல்விக் கொள்கைக்குத் தலையாட்டவில்லை என்பதற்காக 2024-25-இல் 2,000 கோடி ரூபாய்க்கு மேல் தமிழ்நாட்டுக்குத் தராமல் டெல்லி நிறுத்தி வைத்தது அநியாயம். மாநிலம் உச்ச நீதிமன்றம் வரை போனது சரி. ஆனால் 'உங்கள் பள்ளி கேட்ட ஐந்தில் இரண்டு இந்த ஆண்டு, ஒன்று அடுத்த ஆண்டு, மற்ற இரண்டு இன்ன காரணத்தால் இயலாது' என்று ஒரு தாளில் எழுதி அனுப்ப டெல்லிப் பணம் தேவையா?

யாரிடமிருந்து அந்தத் தாள் வர வேண்டும் என்பதிலும் சிக்கல் இருக்கிறது. விதிப்படி திட்டம் போய்ச் சேர வேண்டிய இடம் உள்ளாட்சி. நாமக்கல் உட்படப் பெரும்பாலான மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. ஊராட்சித் தலைவரை டீக்கடையில் பிடித்து, 'நம்ம பள்ளிக்கூடத்துக் கழிவறைக் கதவு என்னாச்சு?' என்று கேட்டுவிடலாம். தனி அலுவலரைக் கேட்க முடியுமா? தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இல்லாத காலத்தில் ஊரில் மிஞ்சிய தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு பள்ளி மேலாண்மைக் குழுதான். அதற்கான மரியாதை கூடியிருக்க வேண்டும்.

வட்டாரக் கல்வி அலுவலரும் வட்டார வளர்ச்சி அலுவலரும் சேர்ந்து இதைச் செய்யலாம். சென்னையிலிருந்து அரசாணை வரக் காத்திருக்க வேண்டியதில்லை. திட்டங்கள் டிசம்பருக்குள் எழுதப்படட்டும். தாய்மார்கள் வரத் தோதாகக் கூட்டம் வேலை முடிந்த மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ நடக்கட்டும். படிப்பு நிலை, ஓராசிரியர் நாட்கள், பண்ணைப் பிள்ளைகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றும் முதல் பக்கத்தில் வரட்டும். ஜனவரி 26 கிராம சபையில் திட்டம் வாசிக்கப்படட்டும். மார்ச் முடிவதற்குள் ஒவ்வொரு பள்ளிக்கும் எழுத்தில் பதில் போய், அது அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படட்டும். ஆசிரியர் சங்கங்கள் இதைக் கூடுதல் சுமை என்று நினைக்க வேண்டாம். ஆள் இல்லாமல் ஐந்து வகுப்பை ஒருவரே பார்க்கும் நிலைக்கு ஊரே சாட்சி சொல்லப்போகிறது என்று நினைத்துப் பார்க்கட்டும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது சென்ற ஆண்டு உங்கள் பெயரில் அனுப்பப்பட்ட திட்டத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். பதில் வராத கோரிக்கைகளை அப்படியே கிராம சபைத் தீர்மானமாகப் போடச் சொல்லுங்கள். தீர்மானப் பதிவேட்டில் அது ஏறும் வரை கையெழுத்துப் போடாதீர்கள்.