இரவுக் காமிராவின் சாட்சி

மாரெட்பள்ளியில் இன்று காமிரா இல்லாத அபார்ட்மெண்ட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நூறு பேருக்கு மேல் கூடும் இடங்களில் காமிரா வைத்தாக வேண்டும் என்று ஒன்றுபட்ட ஆந்திரத்தில் 2013-லேயே சட்டம் வந்துவிட்டது. நகரப் போலீசாரின் 'நேனு சைதம்' திட்டம் தெருவாசிகளையும் இதில் இழுத்துக்கொண்டது. பிள்ளைகள் வெளிநாட்டிலும் பெங்களூரிலுமாக இருக்க, வயதானவர்கள் மட்டும் தனியே வசிக்கும் வீடுகள் நம்மிடையே அதிகம். ஆகவே காமிரா வைப்பதை நான் குறை கூறவில்லை. அது இரவில் காட்டும் படத்தை நாம் நம்புகிற விதம்தான் எனக்குச் சரியாகப் படவில்லை.

'நைட் விஷன்' என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதைப் பார்த்ததும், ஜவான்கள் கண்ணில் மாட்டிக்கொள்ளும் கருவிதான் நம் நினைவுக்கு வருகிறது. கண்டோன்மெண்ட்டை ஒட்டி வாழ்கிறவர்கள் அல்லவா! அந்தக் கருவி நிலவு, நட்சத்திரம் தரும் சொற்ப ஒளியை எலெக்ட்ரான்களாக மாற்றி, பல்லாயிரம் மடங்கு பெருக்கி, பச்சைத் திரையில் காட்டுவது. மசூலிப்பட்டணத்தில் உள்ள பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை இத்தகைய கருவிகளைத் தயாரிக்கிறது. மற்றொரு வகை, உடம்பின் சூட்டையே படமாக்குவது. அதற்கு வெளிச்சமே வேண்டாம். ஆனால் ஆள் நிற்பது தெரியுமே தவிர, இன்னார் என்று முகம் பார்த்துச் சொல்வது கடினம்.

நம் கேட்டில் தொங்குவது இவை இரண்டும் அல்ல. அது டார்ச் அடித்துப் படம் பிடிக்கும் சாதாரணக் காமிரா, அவ்வளவே. அந்த டார்ச்சின் அகச்சிவப்பு ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது, காமிராவுக்குத் தெரியும். சந்தேகம் இருந்தால் டிவி ரிமோட்டின் முனையை மொபைல் காமிராவுக்கு நேரே பிடித்து ஒரு பொத்தானை அழுத்திப் பாருங்கள். வெறும் கண்ணுக்கு இருட்டாக இருக்கும் பல்பு, பெரும்பாலான மொபைல்களின் திரையில் ஊதா நிறத்தில் மின்னும். அதே வகை ஒளிதான்.

இங்கேதான் வம்பு தொடங்குகிறது. அகச்சிவப்பு ஒளியில் எடுத்த படத்துக்கு நிறம் கிடையாது, கறுப்பு வெள்ளைதான். அந்தக் கறுப்பும் வெள்ளையும்கூட நிஜமல்ல. பல சாயங்கள் இந்த ஒளியை உறிஞ்சுவதில்லை, திருப்பி அனுப்பிவிடுகின்றன. அதனால் கன்னங்கரிய பாலியஸ்டர் சட்டை திரையில் வெளுப்பாகத் தெரியலாம். ஒரு ஸ்கூட்டர் காணாமல் போகிறது என்று வைத்துக்கொள்வோம். திரையில் வெள்ளைச் சட்டைக்காரன் ஒருவன் போகிறான். அன்று வெள்ளைச் சட்டை போட்டிருந்தது யார்? வாட்ச்மேனின் மைத்துனன், பால் போடும் பையன், இஸ்திரி வண்டிக்காரர். குடியிருப்புச் சங்கத்துக் கூட்டத்தில் அந்தப் பெயர் உரக்கச் சொல்லப்படும். உண்மையில் எடுத்தவன் கறுப்புச் சட்டையில் வந்திருக்கலாம்.

சாயலை வைத்து ஆளைப் பிடிப்பது எங்கே போய் முடியும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2023 ஜனவரியில், மேதக்கில் நடந்த சங்கிலிப் பறிப்பில் காமிராவில் பதிந்தவனின் சாயல் என்று ஒரு கூலித் தொழிலாளியைப் போலீசார் பிடித்தார்கள். காவலில் தன்னை அடித்துத் துன்புறுத்தியதாகக் கூறிய அவர், பிப்ரவரியில் நம் பக்கத்துக் காந்தி மருத்துவமனையில் இறந்துபோனார். உயர் நீதிமன்றம் அதைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது.

கடைக்காரர் '30 மீட்டர் வரை தெரியும்' என்பார். டார்ச் ஒளி எட்டும் தூரம் அது. முகம் தெரியும் தூரம் அதைவிட மிகக் குறைவு. மிக அருகே வந்தாலோ முகம் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் அந்த ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்பிக் காமிராவின் கண்ணையே மறைக்கும். லென்ஸ் முன் ஒரு சிலந்தி வலை போதும், இரவு முழுவதும் பனிமூட்டம்தான். மாதம் ஒரு முறை துடைக்கச் சொல்லுங்கள். வாங்கும்போது வரும் பாஸ்வேர்டை அன்றே மாற்றுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கேட்டருகே ஒரு நல்ல எல்.ஈ.டி. விளக்கை விடிய விடிய எரிய விடுங்கள். வெளிச்சம் போதுமானால் பல காமிராக்கள் இரவிலும் நிறத்தோடு படம் எடுக்கும். சட்டை கறுப்பா வெள்ளையா என்ற வழக்கே எழாது. பல்லாயிரம் ரூபாய்க்குக் காமிரா வாங்கும் கமிட்டி, கரண்ட் பில்லுக்குப் பயந்து பத்து மணிக்கு விளக்கை அணைப்பது எனக்குப் புரிவதில்லை.

இன்னொன்று. பல கட்டடங்களில் செல்லார் காமிரா, கார்களோடு சேர்த்து வாட்ச்மேனின் ஒற்றை அறை வாசலையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. கோடையில் அவர் மனைவி மக்கள் அந்த வாசலில்தான் பாய் விரித்துப் படுக்கிறார்கள். விளக்கை அணைத்த பிறகு தங்களை யாரும் பார்க்கவில்லை என்றே அவர்கள் நினைப்பார்கள். செயலாளரின் மொபைலில் அத்தனையும் தெரியும். அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு முன்பே ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி, அந்தக் காமிராவை கேட் பக்கம் திருப்பிவிடுங்கள்.