பெட்டியைச் சுத்திப் புள்ளிக்கோடா?

மில்லர் பக்கெட் 1990-களில் உருவாக்கிய 'ப்யூர் டேட்டா'வில் பெட்டிகளை ஒயரால் கோத்தே இசை, வீடியோ புரோகிராம் எழுதலாம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுலயும் ஓடும், காசு கிடையாது. அதில் இல்லாத பெட்டி வேணுமா? 'சி' மொழியில் நீங்களே எழுதிச் சேர்க்கலாம். அதுதான் 'எக்ஸ்டர்னல்'.

அடுத்தவங்க எழுதினதை இறக்க, 2016 முதல் மெனுவிலேயே 'ஃபைண்ட் எக்ஸ்டர்னல்ஸ்' இருக்கு. சொந்தமா எழுதினாத்தான் கூத்து! பெட்டிக்கு 'பெல்'னு பேர் வெச்சா, ஃபைல் பேரும் 'பெல்', உள்ளே இருக்கிற ஃபங்ஷன் 'பெல்_செட்டப்'. ஓர் எழுத்து பிசகினாலும் கம்பைல் ஆகும், லோட் ஆகாது. பெட்டியைச் சுத்திப் புள்ளிக்கோடு, கூடவே 'குடன்ட் க்ரியேட்'னு ஒரு திட்டு.

இன்னொண்ணு... ப்யூர் டேட்டா எல்லா கம்ப்யூட்டர்லயும் ஓடும். உங்க எக்ஸ்டர்னல் அப்படி இல்லை. லினக்ஸில் கம்பைல் பண்ணினது விண்டோஸில் செல்லாது. 32 பிட்டில் பண்ணினதை 64 பிட் ப்யூர் டேட்டா சீண்டாது. ஹாஸ்டல் ரூமில் பாடினது கல்ச்சுரல்ஸ் மேடையில் ஊமையாகிறது இதனாலதான். மேடையில் எந்த கம்ப்யூட்டர்னு முந்தின நாளே விசாரிச்சு, அதுக்கேத்த மாதிரி கம்பைல் பண்ணிடுங்க. ஃபைலை பேட்ச் இருக்கிற ஃபோல்டரிலேயே போட்டா, பாத் செட் பண்ற வேலையும் மிச்சம்!