கடைகளுக்கு மேலே வீடுகள் வேண்டும்

சென்னை அண்ணா சாலையில், எல்ஐசி மெட்ரோ நிலையத்திலிருந்து இரவு ஒன்பது மணிக்கு வெளியே வந்தால், சாலை நிறைய வாகனங்களைக் காணலாம். நடைபாதையில் மனிதர்களைக் காண்பது அரிது. அலுவலகங்கள் மூடியதும் அந்தச் சாலை உறங்கத் தொடங்கிவிடுகிறது.

நான் கல்லூரி மாணவனாக இருந்தபோது அது அப்படி இல்லை. ஹிக்கின்பாதம்ஸில் புத்தகங்களைப் புரட்டிவிட்டு, சபையர் திரையரங்கில் படம் பார்த்து, சிற்றுண்டி முடித்து விடுதிக்குத் திரும்பும்வரை கடைகளில் விளக்கெரியும். சபையர், ஆனந்த், வெலிங்டன் ஆகியவை மறைந்தன. 2016-இல் சாந்தியும் மூடப்பட்டது. மக்களை மாலையில் வரவழைத்தவை ஒவ்வொன்றாகப் போயின.

இந்தச் சரிவுக்கு வணிக வளாகங்களையும் இணையவழி வணிகத்தையும் மட்டும் குறை கூறுவது எளிது. ஆனால், வேர் ஆழமானது. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வாடகைதாரரைக் காத்தது உண்மை. அதே வேளையில், பழைய கட்டடங்களின் வாடகைக்கும் நிலத்தின் மதிப்புக்கும் தொடர்பே இல்லாமல் போனது. பழுது பார்க்க உரிமையாளருக்கு ஆதாயமில்லை. தனதல்லாத கட்டடத்தில் முதலீடு செய்ய வாடகைதாரருக்குத் துணிவில்லை. வாரிசுகளின் வழக்குகளும் சேர்ந்துகொள்ள, கட்டடங்கள் மெல்லச் சிதைந்தன.

2019 பிப்ரவரி இந்த நிலையை மாற்றக்கூடிய மாதம். அந்த ஒரே மாதத்தில் மூன்று நிகழ்ந்தன. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வெளியாயின. டிஎம்எஸ்-ஸிலிருந்து வண்ணாரப்பேட்டை வரை அண்ணா சாலை வழியே மெட்ரோ ஓடத் தொடங்கியது. பழைய வாடகைச் சட்டம் விலகி, எழுத்துபூர்வ ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கும் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. மறுசீரமைப்புக்கான கருவிகள் அனைத்தும் கையில் வந்துவிட்டன. அவற்றை இணைக்கும் கொள்கைதான் இன்னும் வரவில்லை.

கொள்கை இல்லாவிட்டால் சந்தை தன் வழியில் செல்லும். பழைய கட்டடம் இடிக்கப்படும். அங்கே கண்ணாடி முகப்புடன் அலுவலகக் கோபுரம் எழும். பகலில் நிறைந்து இரவில் காலியாகும் இடம் இன்னும் உயரமாகும், அவ்வளவே. வாய்மொழி ஒப்பந்தத்தில் தலைமுறையாகக் கடை நடத்தியவர் வெளியேறுவார். ரிச்சி தெருவில் மின்னணு உதிரி பாகங்கள் விற்கும் சிறு கடைகள் புதிய கோபுரத்தின் வாடகையைத் தாங்குமா? ஜேன் ஜேக்கப்ஸ் 1961-லேயே எச்சரித்தார்: புதிய தொழில்களுக்குப் பழைய கட்டடங்களின் குறைந்த வாடகை தேவை என்று.

எனவே, சாலை முழுவதையும் இடித்துக் கட்ட வேண்டியதில்லை. ஆயிரம் விளக்கு, எல்ஐசி, அரசினர் தோட்டம் ஆகிய நிலையங்களிலிருந்து நடக்கும் தொலைவுக்குள் சிதைந்த மனைகளையும் பயன்படாத அரசு நிலங்களையும் மட்டும் தேர்ந்தெடுக்கலாம். தரைத்தளத்தில் கடைகள், அதற்கு மேல் அலுவலகங்கள், அதற்கும் மேல் வீடுகள் என்ற கலப்புப் பயன்பாட்டை அங்கே ஊக்குவிக்கலாம். மேலே குடும்பங்கள் வாழ்ந்தால்தான் கீழே மளிகைக் கடையும் மருந்துக் கடையும் இரவு பத்து மணிக்கும் திறந்திருக்கும்.

அகலமான சாலைகளில், கட்டணம் செலுத்தினால் தளப்பரப்பு குறியீட்டில் 50 விழுக்காடு வரை கூடுதலாகக் கட்ட விதிகள் இடமளிக்கின்றன. அந்தக் கூடுதல் பரப்பை இரண்டு நிபந்தனைகளுடன் அளிக்க வேண்டும். ஒன்று, அதில் ஒரு பகுதி சிறிய வீடுகளாக இருக்க வேண்டும். மற்றொன்று, ஏற்கெனவே இருந்த வணிகருக்குத் தாங்கக்கூடிய வாடகையில் முதல் உரிமை வேண்டும். கட்டணத்தின் ஒரு பங்கு அந்தச் சாலையின் நடைபாதைக்கும் வடிகாலுக்குமே செலவிடப்பட வேண்டும்.

மும்பை பெண்டி பஜாரில் 16.5 ஏக்கரில் நடைபெறும் மறுசீரமைப்பு ஒரு பாடம். அங்கே இடிப்பதற்கு முன்பே குடியிருந்தவர்களுக்கு மாற்று இடம் தரப்பட்டது; மக்களின் இசைவு அதனால் கிடைத்தது. 2009-இல் தொடங்கிய அத்திட்டம் இவ்வளவு ஆண்டுகள் நீண்டதும் பாடமே. பெரும் பரப்பை ஒரே மூச்சில் மாற்றுவது கடினம். சிறு பகுதிகளாகச் செய்வதே நமக்கு ஏற்றது.

இதனால் நில உரிமையாளரின் உரிமை பறிபோகாதா என்று கேட்கலாம். அண்ணா சாலையின் நில மதிப்பை உயர்த்திய மெட்ரோ, மக்கள் அனைவரும் திருப்பிச் செலுத்த வேண்டிய கடனிலும் வரிப்பணத்திலும் கட்டப்பட்டது. பொதுப்பணம் உருவாக்கிய மதிப்பில் பொதுமக்கள் ஒரு பங்கு கேட்பது பறிமுதல் ஆகாது. அது பொருளியல் நியாயம்.

ஒரு சாலை உயிர்பெற்றதற்கு அடையாளம் அதன் கட்டடங்களின் உயரம் அன்று. நேற்றுவரை அங்கே கடை வைத்திருந்தவர் நாளையும் அங்கே கடை திறக்கிறாரா என்பதே அடையாளம். இடிக்கும் இயந்திரங்கள் வந்து சேரும் முன்பே அரசு அதை உறுதிசெய்ய வேண்டும்.