சின்னம் சொல்வதும் சொல்லாததும்

பிரிட்டிஷ் ராணுவத்தின் பழைய தொப்பிச் சின்னங்களுக்கு உலகெங்கும் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். உள்ளங்கையில் அடங்கும் பித்தளைத் துண்டு. அதில் ஒரு கிரீடம், ஒரு விலங்கு, படைப்பிரிவின் பெயர் பொறித்த ஒரு நாடா. விற்பவர்கள் எழுதும் குறிப்புகளைப் படித்தால் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வீரகாவியம் கிடைக்கும். இது 1916இல் சோம் போர்க்களத்தில் இருந்தது, அது 1915இல் கலிப்பொலியில் கரையிறங்கியது என்று. உலோகம் அவ்வளவு பேசுவதில்லை. பார்க்கத் தெரிந்தவருக்கு அது இரண்டு எல்லைகளைச் சொல்லும்: இந்த ஆண்டுக்கு முன் இதைச் செய்திருக்க முடியாது, இந்த ஆண்டுக்குப் பின் இதற்குத் தேவை இருந்திருக்காது. அந்த எல்லைகளுக்குள் நிற்பதே நேர்மையான சேகரிப்பு என்பது என் கருத்து.

பொழுதுபோக்குக்கு நேர்மை என்ற பெரிய சொல் எதற்கு என்று கேட்கலாம். 1940 செப்டம்பரில் ஜெர்மானிய விமானத் தாக்குதலில் லண்டனிலிருந்த போர் அலுவலகத்தின் ஆவணக் கிடங்கு எரிந்தது. முதல் உலகப்போரில் பணியாற்றிய சாதாரணச் சிப்பாய்களின் பணிப்பதிவேடுகளில் பாதிக்கும் மேற்பட்டவை அந்தத் தீயில் போயின. பெயர் எழுதாத ஒரு புகைப்படமும் அதில் மங்கலாகத் தெரியும் ஒரு தொப்பிச் சின்னமுமே சில குடும்பங்களுக்கு இன்று மிஞ்சியிருக்கும் சான்று. அந்தச் சின்னத்தைத் தவறாகப் படித்தால் ஒரு மனிதனைத் தவறான படையில், தவறான கல்லறைத் தோட்டத்தில் தேட நேரும்.

முதலில் கிரீடம். விக்டோரியா அரசி 1901இல் மறையும்வரை சின்னங்களில் ஒருவகைக் கிரீடம் இருந்தது. அடுத்து வந்த ஏழாம் எட்வர்ட் காலத்தில் டியூடர் கிரீடம் வந்தது; அதன் வளைவுகள் குவிமாடம்போல மேல்நோக்கி உருண்டிருக்கும். 1952இல் இரண்டாம் எலிசபெத் அரியணை ஏறியபின் புனித எட்வர்ட் கிரீடம் வந்தது; அதன் வளைவுகள் உச்சியில் நடுவே பள்ளமாக இறங்கும். சேகரிப்பாளர்கள் இவ்விரண்டையும் அரசர் கிரீடம், அரசி கிரீடம் என்பார்கள். ஆனால் 2022இல் மூன்றாம் சார்லஸ் மீண்டும் டியூடர் கிரீடத்தைத் தேர்ந்தெடுத்தார். குவிமாடம் தெரிந்தால் 1901க்கும் 1952க்கும் இடைப்பட்டது என்ற பாலபாடம் இனித் தனியாக நிற்காது.

கிரீடம் தருவது அரை நூற்றாண்டு இடைவெளி. ராயல் எஞ்சினியர்ஸ் படையின் சின்னம் இன்னும் நெருக்கமாகச் சொல்லும். அதன் நடுவில் அப்போதைய அரசரின் பெயரெழுத்துகள் இருக்கும். ஐந்தாம் ஜார்ஜின் எழுத்து என்றால் 1910 முதல் 1936 வரை. ஆறாம் ஜார்ஜ் என்றால் 1936 முதல் 1952 வரை. இங்கும் ஓர் எச்சரிக்கை வேண்டும். அரசர் மாறிய மறுநாளே சிப்பாயின் தொப்பி மாறிவிடுவதில்லை. செய்யப்பட்ட காலம் வேறு, அணியப்பட்ட காலம் வேறு.

அடுத்தது பெயர். 1881இல் போர் அமைச்சர் ஹியூ சில்டர்ஸ் கொண்டுவந்த சீர்திருத்தத்தால், எண்களால் அறியப்பட்ட காலாட்படைகள் வட்டாரப் பெயர்களைப் பெற்றன. பல, இரண்டிரண்டாக இணைக்கப்பட்டன. பின்னர் சில படைகளுக்கு ‘ராயல்’ என்ற அடைமொழி கிடைத்தது. நார்ஃபோக் படைக்கு 1935இல், லெஸ்டர்ஷயர் படைக்கு 1946இல். நாடாவில் அந்த ஒரு சொல் இருக்கிறதா என்று பார்த்தாலே ஓர் எல்லை கிடைத்துவிடும்.

சென்னையோடு தொடர்புடைய ஒரு சின்னத்தை எடுத்துக்கொள்வோம். ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் என்ற அயர்லாந்துப் படையின் சின்னம், தீப்பிழம்பு கக்கும் ஒரு கையெறி குண்டு. அதன் உருண்டையில் ஒரு புலி, அதற்குக் கீழே ஒரு யானை. டப்ளினுக்கு யானை எங்கிருந்து வந்தது? கிழக்கிந்தியக் கம்பெனிக்காக மதராஸிலும் பம்பாயிலும் இருந்த ஐரோப்பியப் படைகள் பின்னர் பிரிட்டிஷ் ராணுவத்தில் சேர்க்கப்பட்டு 102ஆம், 103ஆம் படைகளாயின. 1881இல் அவை இரண்டும் இணைந்து டப்ளினின் பெயரைப் பெற்றன. விலங்குகள் மட்டும் இந்தியாவிலிருந்து கூடவே போயின. இதில் கிரீடமே கிடையாது. கிரீடத்தை மட்டும் நம்புகிறவர் இங்கே திகைப்பார். ஆனால் அயர்லாந்து சுதந்திர அரசு உருவானபோது, 1922 ஜூலை 31 அன்று இப்படை கலைக்கப்பட்டது. பின்னெல்லையை வரலாறே வரைந்துவிட்டது. இப்படையின் முதல் பட்டாலியன் 1915 ஏப்ரல் 25 அன்று கலிப்பொலியில் கரையிறங்கிப் பேரிழப்பைச் சந்தித்தது. ஆகவே இச்சின்னம் விற்பனைக்கு வரும்போதெல்லாம் கலிப்பொலியும் கூடவே வருகிறது. அதே போரில் அப்படையின் வேறு பட்டாலியன்கள் பிரான்சில் இருந்தன என்பதை விற்பனைக் குறிப்பு சொல்வதில்லை.

உலோகமும் சாட்சிதான். பித்தளையும் வெள்ளை உலோகமும் கலந்து செய்யப்பட்ட பல சின்னங்கள், 1916இல் நிக்கலைச் சிக்கனப்படுத்துவதற்காக முழுப் பித்தளையில் செய்யப்பட்டன. இரண்டாம் உலகப்போரில் பித்தளையே அரிதாகி, பிளாஸ்டிக் சின்னங்கள் வந்தன. 1950களில் அனோடைஸ் செய்த அலுமினியம் பரவியது. அதற்கு மெருகேற்றும் வேலை இல்லை. ஒரு பேரரசின் பற்றாக்குறைகள் சிப்பாயின் நெற்றியில் எழுதப்பட்டிருந்தன என்று சொல்லலாம். ஆனால் முழுப் பித்தளை என்றதும் 1916 என்று முடிவுகட்டக் கூடாது. சில படைகளின் சின்னம் எப்போதுமே முழுப் பித்தளைதான்.

பிறகு சின்னத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். சேகரிப்பாளர்களில் தேர்ந்தவர்கள் முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தையே அதிகம் பார்க்கிறார்கள். தொப்பியில் பொருத்த இரண்டு வளையங்களா, செருகும் தகடா, பற்றவைப்பு எப்படி இருக்கிறது என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். நாள்தோறும் மெருகேற்றப்பட்ட சின்னத்தின் முன்பக்க மேடுகள் தேய்ந்து மழுங்கியிருக்கும். பின்பக்கம் அப்படித் தேய்ந்திருக்காது. இரு பக்கமும் ஒன்றுபோலத் தேய்ந்திருந்தால் சந்தேகப்படலாம். போலிகளில் பல, அச்சில் அடிக்கப்படாமல் வார்க்கப்பட்டவை. ஊசித்துளைகளும் கரைந்த விளிம்புகளும் காட்டிக்கொடுக்கும். வெட்டித் திறக்கப்பட வேண்டிய இடைவெளிகள் மூடிக்கிடந்தாலும் அப்படியே.

கடினமானவை மறுஅச்சுகள். பழைய அச்சு கைமாறி, பல பத்தாண்டுகளுக்குப் பின் அதே அச்சில் புதிய தகடு அடிக்கப்படுகிறது. வடிவம் அசல், உலோகம் புதிது. சுவடியின் காலத்தையும் அதில் உள்ள நூலின் காலத்தையும் பிரித்துப் பார்க்கப் பழகிய இலக்கிய வாசகருக்கு இது புதிரல்ல. பழைய ஏட்டிலிருந்து நேற்று எடுத்த படிக்கு ஏட்டின் வயதைச் சொல்வது எத்தகைய செயலோ, அத்தகையதே மறுஅச்சை 1914இன் சின்னமென்று விற்பதும். மறுஅச்சு என்று சொல்லி விற்றால் அதில் குற்றமில்லை. 1915இல் தொடங்கி 1922இல் கலைக்கப்பட்ட இயந்திரத் துப்பாக்கிப் படையைப் போன்று குறுகிய ஆயுளும் நிறைய மரணங்களும் கொண்ட படைகளின் சின்னங்களே அதிகம் போலி செய்யப்படுகின்றன. துயரத்துக்கு விலை இருப்பதால்தான் அது நகலெடுக்கப்படுகிறது.

போலி செய்பவர்களை மட்டும் இதற்குக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஓர் ஆண்டும் ஒரு போர்க்களமும் இல்லாமல் வாங்க மறுக்கும் சேகரிப்பாளருக்கும் இதில் பங்குண்டு. அவர் கேட்கும் கதையைச் சந்தை தயாரித்துக் கொடுக்கிறது. வாங்கியபின் அவர் அதைப் பளபளவென்று துலக்கியும் வைக்கிறார்; இருந்த சாட்சியமும் துணியோடு போய்விடுகிறது.

செய்ய வேண்டியது எளிது. உலோகம் சொல்வதை ஒரு வரியிலும், விற்றவர் சொன்னதை வேறொரு வரியிலும் எழுதிவைக்க வேண்டும். இரண்டையும் கலக்கக் கூடாது. டப்ளின் சின்னத்தின் அட்டையில் படையின் பெயரும், 1922க்கு முந்தையது என்ற குறிப்பும், அதற்கான காரணமும் இருக்கட்டும். அணிந்தவர் பெயருக்கான இடம் வெறுமையாக இருக்கட்டும். வெறுமையாக இருந்தால் பின்னால் வருபவர் யாராவது ஒரு புகைப்படத்தோடோ கடிதத்தோடோ வந்து அதை நிரப்பக்கூடும். பொய்யால் நிரப்பிவிட்ட இடத்தில் பிறகு யாரும் தேடப் போவதில்லை.