ஊர் கபடிக்கு விடிய விடிய கூட்டம்... காலேஜ் பைனலுக்கு கேலரி காலி! மாணவர்கள் வராதது ஏன்?

நெல்லை:

கல்லூரிகளுக்கு இடையேயான கபடி இறுதிப்போட்டி. ஆட்டம் முடிய ஒரு நிமிடம்கூட இல்லை. இரண்டு டீமும் சம புள்ளி. பையன் பாடிக்கொண்டே எதிர் கோர்ட்டுக்குள் போகிறான். ஒரு ஆளைத் தொட்டுவிட்டு கோட்டுக்குத் திரும்பினால் கோப்பை அவன் காலேஜுக்கு.

தொட்டான். திரும்பினான். ஜெயித்தாச்சு!

கைதட்ட ஆள் எங்கே?

ஓரமாக உட்கார்ந்திருக்கும் மாற்று வீரர்கள் 5 பேர். உடற்கல்வி இயக்குனர் ஒருவர். புள்ளி எழுதுகிறவர். டீமைக் கூட்டி வந்த வேன் டிரைவர். அவ்வளவுதான். 100 அடி தள்ளி இருக்கும் வகுப்பறைகளில் அதே காலேஜ் மாணவர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். வெளியே பைனல் நடப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது.

நெல்லை, தென்காசி, தூத்துக்குடி பக்கம் காலேஜ் மைதானங்களில் வழக்கமாகப் பார்க்கிற காட்சி இது. கபடி மட்டுமல்ல, ஆக்கி, கைப்பந்து, கால்பந்து எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

செல்போன்தான் காரணமா?

"இந்தக் காலத்துப் பசங்களுக்கு விளையாட்டே பிடிக்கல. எந்நேரமும் செல்போன்தான்" என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அது உண்மை இல்லை.

பொங்கல், கோவில் கொடை சமயத்தில் நம்ம ஊர்களில் நடக்கும் கபடி போட்டிகளைப் போய்ப் பாருங்கள். ராத்திரி 2 மணிக்கும் கூட்டம் கலையாது. டிராக்டர் மேலேயும் காம்பவுண்டு சுவர் மேலேயும் ஏறி நின்று பார்க்கிறார்களே, அவர்கள் யார்? காலையில் காலேஜ் போகும் அதே பசங்கதான்!

கோவில்பட்டியில் மே மாதம் நடக்கும் லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஆக்கி போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். செயற்கை இழை மைதானத்தில் மின்னொளியில் ஆட்டம் நடக்கும்போது சுத்துப்பட்டு ஜனமே திரண்டு வரும். சென்னையில் 2023 ஆகஸ்டில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை ஆக்கி பைனலில் இந்தியா 4-3 என்று மலேசியாவை வீழ்த்தியது. அன்றைக்கு எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியம் நிரம்பி வழிந்தது.

ஆக, ஆட்டம் பிடிக்காமல் இல்லை. காலேஜ் ஆட்டம் மட்டும் ஏன் காற்று வாங்குகிறது?

ஆடுபவனுக்கு ஓ.டி... பார்ப்பவனுக்கு ஆப்சென்ட்!

முதல் காரணம் நேரம். போட்டிகள் நடப்பது பெரும்பாலும் வேலை நாட்களில், பகல் பொழுதில். அதாவது வகுப்பு நேரத்தில்.

விளையாடப் போகும் மாணவனுக்கு ஓ.டி. உண்டு. வகுப்பில் இல்லாவிட்டாலும் வந்ததாகக் கணக்கு. ஆனால் அவனுக்காகக் கைதட்டப் போகிறவனுக்கு? ஆப்சென்ட்! செமஸ்டர் தேர்வு எழுத 75 சதவீத வருகைப்பதிவு வேண்டும். குறைந்தால் அபராதம் கட்ட வேண்டும். ரொம்பக் குறைந்தால் தேர்வே எழுத முடியாது. இன்டர்னல் மார்க் பயம் வேறு. எந்தப் பையன் துணிந்து கேலரிக்கு வருவான்?

சொந்தக் காலேஜ் ஜெயிப்பதைப் பார்க்க வகுப்பை கட் அடிக்க வேண்டும் என்றால், அது யார் தப்பு?

பஸ்சை விட்டால் போச்சு

சரி, வகுப்பு முடிந்த பிறகு பார்க்கலாமே என்று கேட்கலாம். அங்கேதான் இரண்டாவது சிக்கல்.

பாளையங்கோட்டைக்குப் படிக்க வரும் பசங்களில் ஏகப்பட்ட பேர் வெளியூர்க்காரர்கள். மானூர், முக்கூடல், களக்காடு, திசையன்விளை என்று நாலா பக்கமும் இருந்து பஸ் பிடித்து வருகிறார்கள். வகுப்பு விட்டதும் கிளம்பும் பஸ்சை விட்டால், அடுத்த பஸ்சுக்குக் காத்துக் கிடக்க வேண்டும். பெண் பிள்ளைகள் இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும்.

இன்னொரு பக்கம், ஷிப்டு முறையில் படிக்கும் பசங்க. காலை ஷிப்டு முடிந்ததும் ஜவுளிக்கடை, கேட்டரிங், உணவு டெலிவரி என்று வேலைக்கு ஓடுகிறார்கள். அந்தச் சம்பளத்தில்தான் பீஸ் கட்டுவது, வீட்டுக்குக் கொடுப்பது எல்லாம். அவனிடம் போய் "மேட்ச் பார்க்க வா" என்றால் ஒரு நாள் கூலி போகும்.

மைக் இல்லை, நிழல் இல்லை, தண்ணீர் இல்லை

மூன்றாவது காரணம், வந்தவனை உட்கார வைக்க அங்கே எதுவுமே இல்லை.

ஊர் கபடியில் என்ன இருக்கிறது? போகஸ் லைட். மைக் செட். யார் ரைடு போகிறான், எந்த ஊர்க்காரன், எத்தனை புள்ளி என்று ஒருத்தர் மைக்கில் விடாமல் சொல்லிக்கொண்டே இருப்பார். நல்ல பிடி பிடித்தவனுக்கு கூட்டத்தில் இருந்து யாராவது 100 ரூபாய் அறிவிப்பார்கள். பக்கத்தில் டீக்கடை, சுண்டல், வேர்க்கடலை. ஆட்டம் தெரியாதவனுக்குக்கூட அரை மணி நேரத்தில் வெறி பிடித்துவிடும்.

காலேஜ் மைதானத்தில்? பகல் வெயிலில் சிமெண்ட் படிக்கட்டு தோசைக்கல் மாதிரி சுடும். குடிக்கத் தண்ணீர் கிடையாது. மாணவிகளுக்குப் பக்கத்தில் கழிவறை கிடையாது. ஸ்கோர் போர்டு இல்லை. ஆடுகிற பையன் பேர் என்ன, எந்தத் துறையில் படிக்கிறான் என்று சொல்ல ஒரு மைக் கூட இல்லை. யார் முன்னிலை என்பதே தெரியாமல் எவ்வளவு நேரம் நிற்பது?

கேட்டுக்குப் பூட்டு

நான்காவது காரணத்தை யாரும் மேடையில் பேச மாட்டார்கள். அது பயம்.

கூட்டம் சேர்ந்தால் சண்டை வருமோ என்று நிர்வாகங்கள் அஞ்சுகின்றன. தென் மாவட்டங்களில் அந்தப் பயத்துக்குக் காரணமும் உண்டு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவனும் அவன் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்ட கொடூரத்தை யாரும் மறக்கவில்லை. வெட்டியது கூடப் படித்த பசங்க என்பதுதான் இன்னும் வேதனை. அதன் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. பள்ளிகளில் மாணவர்கள் கையில் கலர் கயிறு கட்டத் தடை விதிக்க வேண்டும் என்பதும் அதில் ஒரு பரிந்துரை.

அதனால் 'வம்பே வேண்டாம்' என்று போட்டி நாளில் வெளி மாணவர்களுக்கு கேட்டை மூடிவிடுகிறார்கள். உள்ளே இருப்பவர்களையும் வகுப்பை விட்டு நகர விடுவதில்லை. மாணவிகள் ஆடும் போட்டி என்றால் கேட்கவே வேண்டாம். யாராவது கிண்டல் செய்வார்களோ என்று மைதானத்தையே மூடிவிடுகிறார்கள்.

ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். வேற வேற தெருவைச் சேர்ந்த 7 பேர் ஒரே ஜெர்சி போட்டு, ஒருத்தன் கையை ஒருத்தன் பிடித்துக்கொண்டு 'செயின்' கட்டி நிற்கும் ஆட்டம் கபடி. அதைப் பார்க்கும் பையன் தன் தெருப் பேரையா கத்துவான்? காலேஜ் பேரைத்தான் கத்துவான். கையில் இருக்கும் கயிறை அவிழ்க்க அதைவிட நல்ல மருந்து இருக்கிறதா? அந்த இடத்தைப் போய்ப் பூட்டி வைக்கலாமா?

அமெரிக்காவிலும் இதே தலைவலி!

காலேஜ் விளையாட்டுக்குக் கூட்டம் என்றால் உலகத்திலேயே அமெரிக்காதான். அங்கே ஒரு லட்சம் பேர் உட்காரும் ஸ்டேடியம் வைத்திருக்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு. அங்கேயும் மாணவர்கள் வரத்து குறைகிறது என்றால் நம்புவீர்களா?

பெரிய காலேஜ்களின் அமெரிக்க கால்பந்து போட்டிக்கு 2018-ல் வந்த சராசரி கூட்டம், 1996-க்குப் பிறகு மிகக் குறைவு. வெயில், டிக்கெட் விலை, வீட்டில் இருந்தே பார்க்க டி.வி. என்று பல காரணம் சொன்னார்கள்.

அலபாமா பல்கலைக்கழகம் 2019-ல் ஒரு வழி கண்டுபிடித்தது. செல்போன் செயலி மூலம் மாணவன் ஸ்டேடியத்தில் இருக்கிறானா என்று பார்ப்பது. வந்தால் 100 பாயிண்ட். ஆட்டத்தின் கடைசிப் பகுதி வரை இருந்தால் கூடுதலாக 250 பாயிண்ட். பாயிண்ட் அதிகம் உள்ளவனுக்குப் பெரிய போட்டிகளின் டிக்கெட்டில் முன்னுரிமை. 'மாணவனை வேவு பார்க்கலாமா?' என்று சர்ச்சையும் கிளம்பியது.

மிச்சிகன் பல்கலைக்கழகம் வேறு வழியில் போனது. 2014-ல் மாணவர்கள் டிக்கெட் வாங்குவது படுத்துவிட்டது. மறு ஆண்டே மாணவர் சீசன் டிக்கெட்டை 280 டாலரில் இருந்து 175 டாலராகக் குறைத்தது.

நம்ம ஊரில் டிக்கெட்டே கிடையாது. இலவசம்தான். இருந்தும் ஆள் இல்லை என்றால், தடை வேறு எங்கோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

நஷ்டம் யாருக்கு?

கேலரி காலியாக இருந்தால் என்ன குடி முழுகிப் போச்சு என்று கேட்கலாம். முழுகத்தான் செய்கிறது.

விளையாட்டு கோட்டாவில் காலேஜில் சேரும் பசங்களில் பலர் யார் வீட்டுப் பிள்ளைகள்? கொத்தனார் மகன், ஆட்டோக்காரர் மகன், பீடி சுற்றும் அம்மாவின் மகள். விளையாட்டு வீரர்களுக்கு அரசு வேலையில் 3 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. அந்த வாசல் வரை போக முதல் படி இந்தக் காலேஜ் டீம்தான்.

பணம் வரவில்லை என்று சொல்ல முடியாது. 2024-ல் முதலமைச்சர் கோப்பை போட்டிகளுக்கு மொத்தப் பரிசுத்தொகை மட்டும் ரூ.37 கோடி. அதில் கல்லூரி மாணவர்களுக்குத் தனிப் பிரிவே உண்டு. 2025 அக்டோபரில் பக்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் கபடியில் இந்தியா தங்கம் ஜெயித்தது. அதில் ஆடிய சென்னை கண்ணகி நகர் கார்த்திகாவுக்கும், திருவாரூர் மாவட்டம் வடுவூர் அபினேசுக்கும் தமிழக அரசு தலா ரூ.25 லட்சம் கொடுத்தது. ஊரே தூக்கிக் கொண்டாடியது.

பதக்கம் வாங்கிய பிறகு கொண்டாடுவது சரி. வாங்குவதற்கு முன்னால்?

பார்க்க ஆள் இல்லாத போட்டிக்கு விளம்பரதாரர் வர மாட்டார். கோப்பைக்கும் சாப்பாட்டுக்கும் உடற்கல்வி இயக்குனர்தான் பழைய மாணவர்களிடம் கையேந்த வேண்டும். ஒரு வருடம் நடக்கும். மறுவருடம் 'நிதி இல்லை' என்று நிற்கும். போட்டி நின்றால் டீம் கலையும். டீம் கலைந்தால் அந்த கோட்டா சீட்டுக்கு என்ன அர்த்தம்?

இன்னொன்றும் உண்டு. ஆளே இல்லாத மைதானத்தில் ஆடிப் பழகிய பையன், ஒரு நாள் ஆயிரம் பேர் கத்தும் ஸ்டேடியத்துக்குப் போனால் கை கால் உதறும். கூட்டத்தின் முன்னால் ஆடுவதும் ஒரு பயிற்சிதான்.

ஒரே ஒரு பீரியடு போதும்!

இதைச் சரிசெய்ய கோடிக்கணக்கில் செலவு தேவையில்லை. கொஞ்சம் மனசு இருந்தால் போதும்.

* ஆண்கள் கபடி மேட்ச் 20 நிமிடம், 20 நிமிடம் என்று மொத்தம் 40 நிமிடம்தான். பெண்களுக்கு இன்னும் குறைவு. ஒரு பீரியடில் முடிந்துவிடும். பைனலுக்கு மட்டும் அந்த ஒரு பீரியடை விட்டுக்கொடுத்து, பார்க்க வருபவனுக்கும் ஓ.டி. போடுங்கள்.

* காலை ஷிப்டு விடும் நேரம், மாலை ஷிப்டு தொடங்கும் நேரம் இரண்டையும் ஒட்டி பைனலை வைத்தால் இரண்டு ஷிப்டு மாணவர்களும் இருப்பார்கள்.

* ஒரு மைக், ஒரு ஸ்கோர் போர்டு, ஒரு ஷாமியானா, இரண்டு கேன் தண்ணீர். காலேஜ் ஆண்டு விழாவுக்கு ஆகும் செலவில் இது எத்தனை பங்கு? மைக் பிடிக்க ஆள் வெளியில் தேட வேண்டாம். தமிழ்த்துறையில் பேச்சுப் போட்டியில் ஜெயித்த பையன் இருப்பான்.

* மாணவிகள் போட்டிக்கு மைதானத்தை மூடாதீர்கள். சக மாணவிகளுக்கு முன்வரிசை கொடுங்கள். கிண்டல் செய்பவனை வெளியே அனுப்புங்கள். ஆடுகிறவளை ஏன் ஒளித்து வைக்க வேண்டும்?

* வருடத்தில் ஒரு பைனலையாவது ஞாயிற்றுக்கிழமை வைத்து, ஆடும் பிள்ளைகளின் அப்பா அம்மாவை அழைத்து முன்னால் உட்கார வையுங்கள்.

கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். மகன் காலேஜ் டீமில் ஆடுகிறான் என்று டீக்கடையில் பெருமையாகச் சொல்லும் அப்பாக்கள் இந்த ஊரில் நிறைய பேர். ஆனால் அவன் ஆடி ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. வேலை நாளில் போட்டி என்றால் அன்றைய கூலி போய்விடும். கோப்பையோடு அவன் நிற்கும் போட்டோவை செல்போனில் பார்ப்பதோடு சரி.

ஊர் கபடியில் கடைசி ரைடு போகிறவனுக்கு ஊரே எழுந்து நிற்கிறது. அதே பையன் காலேஜ் பெயரை முதுகில் போட்டு ஆடும்போது மட்டும் யாரும் இல்லை. கல்லூரி முதல்வர்களே... அடுத்த பைனலுக்கு அந்தக் கேட்டைக் கொஞ்சம் திறந்து விடுங்கள். கூட்டம் தானா வரும்!