தம்பியின் காரும் சீட்டுப் பணமும்

திருவந்திபுரத்திலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். மூன்று பக்கம் தம்பியைப் பற்றிய புகார். ஒரு பக்கம் கேள்வி. புகாரைக் குடும்ப ரகசியமாக வைத்துக்கொண்டு கேள்வியை மட்டும் உங்கள் முன் வைக்கிறேன்.

தம்பிக்கு உத்தியோகம் சென்னையில். பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறான். அவ்வப்போது அதை இருங்காட்டுக்கோட்டைப் பந்தய ஓடுதளத்துக்குக் கொண்டுபோய் ஆசை தீர ஓட்டுகிறான். இப்போது காருக்கு 'ஆயில் கூலர்' பொருத்த வேண்டுமாம். அக்காவுக்கு அடுத்த மாதம் சீட்டுப் பணம் வரப்போகிறது என்பது எப்படியோ அவன் காதுக்கு எட்டிவிட்டது. "எண்ணெயை ஆறவைக்க ஒரு யந்திரமா என்று அம்மா சிரிக்கிறாள். இது அவசியந்தானா, ஆடம்பரமா? பணத்தைக் கொடுப்பதா, வேண்டாமா?" என்று கேட்கிறார்.

பெருமாளின் தாகம் தீர்க்க ஆதிசேஷன் பூமியைப் பிளந்து தீர்த்தம் கொண்டுவந்ததாகச் சொல்லும் ஊர் அது. சூடு தணிக்கும் கேள்வி அங்கிருந்து வந்தது பொருத்தந்தான்!

அம்மா சிரிக்கட்டும். ஆனால் விஷயம் சிரிப்புக்குரியதல்ல. கார் என்ஜினைத் தண்ணீர்தான் குளிர்விக்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பாதி உண்மைதான். ரேடியேட்டர் தண்ணீர் சிலிண்டரின் சுவர்களைச் சுற்றி வருகிறதே தவிர, உள்ளே மேலும் கீழும் பாய்கிற பிஸ்டனின் அடிப்பக்கத்துக்கும், சுழலுகிற கிராங்க் தண்டின் பேரிங்குகளுக்கும் அது போவதில்லை. அங்கேயெல்லாம் போகிறது எண்ணெய் ஒன்றுதான். உராயாமல் வழுக்கிக் கொடுப்பதும் அதன் வேலை. சூட்டை வாங்கிக்கொண்டு கீழே உள்ள சட்டிக்கு வந்து சேருவதும் அதன் வேலை. வீட்டில் மூத்த மருமகள் மாதிரி, இரட்டைச் சுமை!

சாதாரணமாக ஓடும் காரில் இந்த எண்ணெயின் உஷ்ணம் 90 முதல் 110 டிகிரி வரை இருக்கலாம். 130 டிகிரியைத் தாண்டினால் கவலைப்பட வேண்டும். வாணலியில் எண்ணெய் காயக் காயத் தண்ணீராய் இளகுவதைத் தினம் பார்க்கிறோம். அதே கதைதான். பேரிங்குக்கும் தண்டுக்கும் நடுவே மெல்லிய திரையாக நிற்கும் எண்ணெய் நீர்த்துப்போனால் இரும்பு இரும்போடு உராயும். கடைசியில் என்ஜின் பிடித்துக்கொள்ளும். தவிர, எண்ணெயின் சூடு பத்து டிகிரி ஏறினால் அது கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது ரசாயனக் கணக்கு. பலமுறை காய்ச்சிய எண்ணெயில் அப்பளம் பொரித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அமைத்த ஓடுதளம் 1990-ல் திறக்கப்பட்டது. ஒரு சுற்று 3.717 கிலோமீட்டர். சாலையில் நாம் என்ஜினின் பலத்தில் ஒரு சிறு பங்கைத்தான் கேட்கிறோம். அங்கேயோ ஆக்ஸிலேட்டரை அழுத்தியபடி சுற்றுக்குப் பின் சுற்று. கொளுத்தும் வெயிலில் எண்ணெய்க்கு மூச்சுவிட அவகாசமில்லை. ஆயில் கூலர் வைத்துக்கொள்ளும் பழக்கம் வளர்ந்தது இப்படிப்பட்ட இடங்களில்தான்.

அது ஒரு குட்டி ரேடியேட்டர். தண்ணீருக்குப் பதில் எண்ணெய் ஓடும், அவ்வளவே. நம் ஊரிலேயே பார்க்கலாம். ராயல் என்பீல்டு கம்பெனி 2018-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த 650 மோட்டார் சைக்கிளில், என்ஜினுக்கு முன்னால் சின்ன ஜன்னல் கிராதி மாதிரி ஒன்று இருக்கும். அதுதான் ஆயில் கூலர். ஜெர்மனியின் போர்ஷே 911 கார் 1998 வரைக்கும் ரேடியேட்டர் தண்ணீரே இல்லாமல், காற்றையும் எண்ணெயையும் நம்பியே ஓடியது. ஆகவே தம்பி கேட்பது கட்டுக்கதை அல்ல.

ஆனால் சகோதரி, பணத்தை எடுக்கப் பெட்டியைத் திறந்துவிடாதீர்கள்! எண்ணெய்க்கு அதிகச் சூடும் ஆகாது. சூடே ஏறாமலிருப்பதும் ஆகாது.

கடலூரிலிருந்து உங்கள் ஊர் சுமார் ஆறு கிலோமீட்டர். அந்தத் தூரத்தில் தண்ணீர் சூடேறிவிடும். எண்ணெய் அதைவிட நிதானமாகத்தான் சூடேறும். போதிய சூடு வந்தால்தான் உள்ளே சேர்ந்த ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகி வெளியேறும். அப்படி வெளியேறாவிட்டால், எண்ணெயுடன் கலந்து, கடைந்த மோரில் திரண்ட வெண்ணெய் மாதிரி வெளுத்த கசடாகப் படியும். விடுமுறைக்கு வந்த தம்பி கோயிலுக்கும் கடலூருக்குமாக ஓட்டும் வண்டியில் எண்ணெயை ஓயாமல் ஆற்றிக்கொண்டிருந்தால் இந்தக் கதிதான். காபியைப் பச்சைத்தண்ணீர் ஆகும்வரை ஆற்றிக் கொடுத்தால் உங்கள் வீட்டுக்காரர் குடிப்பாரா?

ஆவணி முகூர்த்த நாளில் உங்கள் ஊர்ச் சாலையில் கல்யாண வண்டிகள் நெருக்கியடித்து ஊர்ந்து போகுமே, அப்போதாவது கூலர் உதவுமா என்றால், அதுவும் சொற்பந்தான். விசிறி வைத்திராவிட்டால் அதற்கு எதிர்க்காற்று வேண்டும். நிற்கிற வண்டிக்கு எதிர்க்காற்று ஏது?

ஆகவே முதல் செலவு கூலர் அல்ல. எண்ணெயின் உஷ்ணத்தைக் காட்டும் மீட்டர். டாஷ்போர்டில் இருக்கும் முள் பெரும்பாலும் தண்ணீரின் சூட்டைத்தான் சொல்லும். மீட்டரைப் பொருத்திக்கொண்டு தம்பி ஒரு நாள் ஓடுதளத்துக்குப் போய்வரட்டும். முள் 120-ஐத் தாண்டாவிட்டால் நல்ல எண்ணெயை வேளாவேளைக்கு மாற்றினாலே போதும். கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி ஆறவிட்டு நிறுத்தினாலே போதும். உங்கள் சீட்டுப் பணம் பிழைத்தது! 130-ஐ மீண்டும் மீண்டும் எட்டிப் பார்த்தால், அப்போது கூலர் ஆடம்பரமல்ல. புது என்ஜினின் விலையோடு பார்த்தால் சிக்கனமே.

வாங்குவதானால் தெர்மோஸ்டாட் உள்ளதாக வாங்கச் சொல்லுங்கள். இது ஒரு காவற்காரன். எண்ணெய் சுமார் 80 டிகிரி வரும்வரை கூலருக்குப் போகும் வழியை அநேகமாக மூடியே வைத்திருப்பான்; பிறகுதான் திறந்துவிடுவான். இவன் இருந்தால் ஓடுதளத்துக்கும் சரி, கோயில் பிரயாணத்துக்கும் சரி. இன்னொன்று: பல கார்களில் கம்பெனியே ஒரு கூலரை உள்ளே வைத்திருக்கும். இருக்கிறதா என்று முதலில் விசாரிக்க வேண்டும்.

இனி, நீங்கள் பயப்பட வேண்டிய இடத்துக்கு வருகிறேன். ஆயில் பில்டரைக் கழற்றி, அதற்கும் என்ஜினுக்கும் நடுவே ஒரு தட்டை வைத்து, அங்கிருந்து இரண்டு குழாய்களை முன்பக்கத்துக்கு இழுப்பார்கள். வேகமாக ஓடும்போது அந்தக் குழாய்களில் எண்ணெயின் அழுத்தம் டயரில் உள்ள காற்றைப்போல் இரு மடங்கு இருக்கும். பழைய பில்டரின் ரப்பர் வளையம் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனியாமல் அதன்மேல் புதியதை முறுக்கினாலும், ஒரு குழாய் பெல்ட்டிலோ தகட்டிலோ உரசி ஓட்டையானாலும், சட்டியில் உள்ள எண்ணெய் கொஞ்ச நேரத்தில் வெளியே போய்விடும். அப்புறம் என்ஜின் இல்லை. அந்த எண்ணெய் கொதிக்கும் புகைக்குழாயில் கொட்டினால் தீ. டயரில் பட்டால் வண்டி சறுக்கும். ஓடுதளத்தில் சிந்தினால் பின்னால் வருகிற வேறொரு தாயின் பிள்ளை சறுக்குவான். சூட்டுக்குப் பயந்து செய்த காரியம் இப்படி முடியலாமா?

அதனால் மலிவான குழாய் வேண்டாம். பழகிய கை வேண்டும். குழாய்களை ஆடாமல் பட்டை போட்டுக் கட்ட வேண்டும். கூலரும் குழாய்களும் கொஞ்சம் எண்ணெயைக் குடித்துவிடுமாதலால், என்ஜினை ஓட்டி நிறுத்திச் சற்றுப் பொறுத்து, அளவு குச்சியைப் பார்த்துக் குறையை ஊற்ற வேண்டும். கூலர் ரேடியேட்டருக்கு முன்னால் காற்றை மறைத்தால் தண்ணீரின் சூடு ஏறலாம். அந்த முள்ளையும் கவனிக்க வேண்டும். வாரண்டியும் இன்ஷூரன்ஸும் இருந்தால், இந்த மாற்றத்தை ஏற்பார்களா என்று எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

சகோதரி, தம்பியிடம் 'முடியாது' என்று சொல்ல வேண்டாம். "மீட்டருக்குப் பணம் தருகிறேன், அது காட்டுவதை எழுதிக்கொண்டு வா" என்று சொல்லுங்கள். எழுதிக்கொண்டு வந்தானானால் அவனுக்கு உண்மையிலேயே காரின்மேல் அக்கறை. மிச்சப் பணத்தைத் தாராளமாய்க் கொடுக்கலாம். கூலர் பொருத்திய முதல் வாரம் தினமும் காலையில் வண்டிக்கு அடியில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து வைக்கச் சொல்லுங்கள். ஒரு சொட்டு விழுந்திருந்தாலும் அன்று வண்டியை எடுக்கக் கூடாது.