ஆந்தை மேல பழி போட்ட சீரியல்காரங்க

போன வாரம் ராத்திரி பதினோரு மணிக்குத்தான் மும்முனை கரண்ட் வந்தது. நெல்லுக்குத் தண்ணி பாய்ச்சணும். தம்பி மகன் காலேஜ் லீவுக்கு வந்திருந்தான். "கூட வாடா, மோட்டாரைப் போட்டுட்டு வரலாம்"னு கூட்டிட்டுப் போனேன். கிணத்து மேட்டுக்குப் போறதுக்குள்ள வேப்ப மரத்துல ஆந்தை கத்துச்சு. இருவது வயசுப் பையன் என் கையைப் பிடிச்சுக்கிட்டான்.

"பெரியப்பா, சீரியல்ல இப்படிக் கத்தினா அடுத்து ஏதோ வரும்"ங்கிறான்.

அப்ப சிரிச்சேன். அப்புறம் வரப்புல உக்காந்து யோசிச்சப்ப சிரிப்பு வரலை.

பயங்கிறது பார்க்கிறதுல இல்லைங்க, கேக்கிறதுல இருக்கு. ராத்திரி தண்ணி பாய்ச்சுறவங்களுக்கு இது நல்லாத் தெரியும். மோட்டார் ஓடுற வரைக்கும் ஒரு பயமும் கிடையாது. திடீர்னு கரண்ட் போயி மோட்டார் நிக்கும் பாருங்க, அந்த ஒரு நிமிசம்தான். அதுவரைக்கும் காதை அடைச்சிருந்த சத்தம் போனதும், சோகை உரசுறது, தவளை தண்ணியில குதிக்கிறது எல்லாம் பக்கத்துல கேக்கும். சில்வண்டு கத்திக்கிட்டே இருந்து சட்டுனு நிறுத்தினா இன்னும் மோசம். ஆள் நடமாட்டம் கிட்ட வந்தா அது வாயை மூடிக்கும். அப்ப யாரோ வர்றாங்க!

இதைச் சரியாப் பிடிச்சவங்க ஒரு காலத்துல டிவியில இருந்தாங்க. தொண்ணூறுகளோட பின்பாதியில சன் டிவியில வந்த 'மர்மதேசம்' ஞாபகம் இருக்கா? அதுல 'விடாது கருப்பு'. இந்திரா சௌந்தர்ராஜன் எழுத்து, நாகா இயக்கம், பாலச்சந்தரோட மின்பிம்பங்கள் தயாரிப்பு. தப்பு செஞ்சவனைக் கருப்பசாமி குதிரையில வந்து தண்டிப்பார்னு நம்புற ஊரு. வர்றது சாமியா, மனுசனா? அதுதான் கதை. வாரம் ஒரு நாள்தான் வரும். எங்க தெருவுல டிவி இருந்த வீட்டுத் திண்ணையெல்லாம் நிரம்பிரும். முடிஞ்சு வீட்டுக்குப் போக எங்க அம்மாவே துணைக்கு ஆள் தேடுவாங்க.

இப்ப யூடியூப்ல அதைத் திரும்பப் பார்த்தேன். பெரிய கிராபிக்ஸ் ஒண்ணும் கிடையாது. பயத்தைக் காட்டுறதை விட மறைக்கிறதுதான் அதிகம். இருட்டும் குளம்புச் சத்தமும் பாதி வேலையைச் செஞ்சிருது. மீதியை நம்ம மனசே செஞ்சுக்குது. அன்னைக்கு எங்க ஊர்ல இருந்ததெல்லாம் சின்னப் பொட்டி டிவிதான். அந்தச் சின்ன ஸ்பீக்கர்ல கனமான சத்தம் எதுவும் சரியா வராது. குளம்பு தட்டுற சத்தம் மட்டும் கணீர்னு வரும். ரெண்டு கொட்டாங்குச்சியைக் கவுத்துத் தட்டினாலே குதிரை ஓடுற மாதிரி இருக்கும். நாடகக்காரங்களும் ரேடியோக்காரங்களும் எப்பவோ கண்டுபிடிச்ச வித்தை அது. சத்தம் தூரத்துல கேட்டா, டிவிக்கு வெளியே, நம்ம தெருமுக்குல குதிரை நிக்கிற மாதிரியே தோணும்.

வெளிச்சமும் அப்படித்தான். சூரியன், நிலா, தெருவிளக்கு எல்லாம் மேல இருந்துதான் அடிக்குது. நம்ம கண்ணு அதுக்குப் பழகிருச்சு. அதே மூஞ்சிக்குக் கீழ இருந்து டார்ச் அடிங்க, பெத்த தாயே பயந்துருவா. மூக்கு நிழல் நெத்தியில ஏறும், கண்ணு குழி விழும். அப்புறம் கேமரா ஒருத்தர் மூஞ்சியை நெருக்கமாப் பிடிச்சா, அவருக்குப் பின்னால என்ன இருக்குன்னு நமக்குத் தெரியாது. தெரியாத இடத்துலதான் பேய் குடியிருக்கு.

இப்ப வர்ற நிறைய சீரியல்ல இந்தப் பொறுமை இல்லை. இடி மாதிரி ஒரு சத்தம், ஒரே மூஞ்சியை மூணு தடவை காட்டுறது, நீல வெளிச்சம், புகை. அது பயம் இல்லைங்க, திடுக்குனு தூக்கிப் போடுறது. தட்டு கீழ விழுந்தாலும்தான் தூக்கிப் போடும். அடுத்த நிமிசம் மறந்துரும். 'கருப்பு' பார்த்த பயம் இருவத்தஞ்சு வருசத்துக்கு மேல ஆகியும் எனக்கு மறக்கலை.

இது ரசனை பத்தின சண்டை மட்டும்னா நான் எழுதியிருக்கவே மாட்டேன். சொந்தமா ஒரு பயத்தை உண்டாக்கத் தெரியாதப்ப இவங்க கைவைக்கிறது நம்ம ஆந்தை மேல, நரி மேல, பாம்பு மேல. ஆந்தை அபசகுனம்னு ஊர்ல முன்னாடியே பேச்சு உண்டு, இல்லைங்கலை. ஆனா பாட்டி சொன்னது எப்பவோ ஒரு தடவை. டிவி சொல்றது தினமும்.

எங்க பக்கத்துக் காட்டுக்காரர் வீட்டுல ஒருத்தருக்கு உடம்பு சரியில்லாம இருந்துச்சு. அவங்க கிணத்துப் பொந்துல ஒரு கூகை ஜோடி இருந்தது. அது கத்துறதாலதான் சீக்குன்னு சொல்லி, புகை போட்டு விரட்டிட்டாங்க. அந்தப் போகத்துல எலி தாளைச் சாய்ச்சு சாய்ச்சு வெட்டிப் போட்டுச்சு. வரப்பு முழுக்க வளை. எலிக்கு மருந்து வைக்க அவரும் செலவு பண்ணினார், நானும் பண்ணினேன். ஆந்தை வந்து உக்காரட்டும்னு வயல்ல டி வடிவத்துல குச்சி நட்டு வைக்கிறோம் நாம. சம்பளம் வாங்காத காவக்காரனை அதே கையால விரட்டவும் செய்றோம்.

இன்னொண்ணு சொல்றேன். கூகை பறக்கும்போது சத்தமே வராது. இறகோட ஓரம் சீப்பு மாதிரி இருக்கிறதால காத்து உரசுற ஓசை அடங்கிருது. எலிக்கு அது தலைக்கு மேல வர்றதே தெரியாது. உண்மையான திகில் காட்சி அதுதான். ஆனா அது எலிக்குத்தான் திகில், நமக்கு இல்லை.

சீரியல் எடுக்குறவங்களுக்கு என் வேண்டுகோள் ஒண்ணுதான். பயமுறுத்துங்க, நல்லா பயமுறுத்துங்க, நானும் பார்க்கிறேன். ஆனா அமைதியை வச்சுப் பயமுறுத்துங்க. ஆந்தையை விட்டுருங்க.

நம்ம ஆளுகளுக்கும் ஒண்ணு. பிள்ளைகளை ஒரு ராத்திரி காட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. எந்தச் சத்தம் எதோடதுன்னு சொல்லிக் கொடுங்க. தம்பி மகனுக்கு அன்னைக்கு டார்ச் அடிச்சு வேப்ப மரத்துல காட்டினேன். ஒரு சாண் உசரத்துல புள்ளி ஆந்தை ஒண்ணு, தலையை மேலயும் கீழயும் ஆட்டி எங்களைப் பார்த்துச்சு.

"இதுக்கா பெரியப்பா பயந்தேன்?"னான்.

மறுநாள் மோட்டார் போட அவனே கிளம்பிட்டான். செருப்பு மட்டும் மறக்காமப் போட்டுக்கடான்னு சொல்லி அனுப்பினேன். ராத்திரி வரப்புல பயப்பட வேண்டியது பாம்புக்குத்தான், அது சத்தம் கொடுத்துட்டு வராது.